பிரேக் கழற்றிய சைக்கிள்

என் மச்சினன் தங்கசாமியும் நானும் பேசி ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் வாரத்தில் மூன்று நாளாவது ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாமல் இருந்ததில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் பேச்சு முறிந்தவர்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். பக்கத்தில் நிற்கிற ஆட்டையோ கோழியையோ பார்த்துச் சொல்லுவார்கள். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உச்சிப்புளி மெயின் ரோட்டில் இருக்கும் என் சைக்கிள் கடையில் ஆடு கிடையாது, காற்றடிக்கிற பம்பு இருக்கிறது. நான் பம்பிடம் சொல்லுவேன். அவன் தன் சைக்கிளிடம் சொல்லுவான்.

சண்டைக்குக் காரணம் என் மகள் ராக்குவின் காதுகுத்து. அப்போது அவளுக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தங்கசாமி தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனி வேலையில் இருந்தான். அன்றைக்குப் பாம்பனில் ரோட்டுப் பாலம் கிடையாது, ரயிலை விட்டால் தீவிலிருந்து வர வேறு வழியில்லை. அவன் வந்து சேரவில்லை. முகூர்த்தம் போகிறது போகிறது என்று என் சொந்தக்காரர்கள் பிடுங்கினார்கள். என் பங்காளி கூத்தையா மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காதைக் குத்தச் சொல்லிவிட்டேன். இரண்டு மணி நேரம் பிந்தி, தலையில் சீர்த்தட்டோடு வேர்க்க விறுவிறுக்க வந்தான் தங்கசாமி. பிள்ளை கூத்தையா மடியில் அழுதுகொண்டிருந்தது. தட்டைக் கோயில் வாசலில் வைத்தான், துண்டை உதறித் தோளில் போட்டான், போய்விட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் திமிர்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வருஷம் ராக்குவுக்குக் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப்போனது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடிப் பையோடு வந்தவனைப் பார்த்ததும் நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பையை அவன் அக்காவிடம், அதாவது என் சம்சாரம் சோணையம்மாளிடம், கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டான்.

இதெல்லாம் பழைய கதை. புதுக்கதை எண்பத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம் ஆரம்பித்தது. ராமநாதபுரத்தில் சேதுராமன் வாத்தியார் நடத்துகிற நற்பணி மன்றம், போலியோ வந்த பிள்ளைகளுக்கு மூன்று சக்கர வண்டி வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்தது. தொண்டியைச் சேர்ந்த மதார் என்பவர் துபாயில் இருந்துகொண்டு ஒரு நிபந்தனை போட்டார். பன்னிரண்டு பேர் ராமேஸ்வரத்திலிருந்து கொடைக்கானலுக்குச் சைக்கிளில் ஏறிப் போய், சைக்கிளிலேயே இறங்கித் திரும்பி வரவேண்டும். முழுசாகப் போய் வந்த ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு பிள்ளைக்கு ஒரு வண்டி. நடுவில் வேனில் ஏறிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இல்லை. யார் எந்தப் பிள்ளைக்காக ஓட்டுகிறாரோ அந்தப் பிள்ளை பெயரைத் தகரத்தில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்ள வேண்டும்.

தங்கசாமி கட்டியிருந்த தகரத்தில் ராக்கு என்று எழுதியிருந்தது.

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. நான் சைக்கிள் கடைக்காரன், என் மகளுக்கு ஊரான் தயவில் வண்டியா என்று வீட்டில் குதித்தேன். சோணையம்மாள் உலையைக் கிளறிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள்.

"ஆறு வருஷமா செய்யிறேன் செய்யிறேன்னு சொன்னீக. மூணு சக்கரத்துல ஒரு சக்கரமாச்சும் உருட்டுனீகளா?"

நான் சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டேன். அவள் சொன்னது உண்மை. உண்மை என்பதால்தான் பசியோடு போனேன்.

எங்கள் சீமையில் மலை கிடையாது. கண்ணுக்கு எட்டினமட்டும் தரை தோசைக்கல் மாதிரி கிடக்கும். மேடு என்று சொல்லிக்கொள்ளப் புதிதாகத் திறந்த பாம்பன் பாலம் ஒன்றுதான். ஆனால் காற்று உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது எதிர்த்துச் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு மலையேறுவது ஒன்றும் பெரிசில்லை என்றுதான் எல்லோரும் நம்பினோம். தங்கசாமி தினம் விடியக் கிளம்பித் தங்கச்சிமடத்திலிருந்து பாலமேறி, எதிர்க்காற்றில் உச்சிப்புளி வரை மிதித்து வருவான். கடைக்கு எதிரே நின்று மூச்சு வாங்குவான். பிறகு காற்றே அவனைத் திருப்பிக் கொண்டுபோய்விடும். காற்று போதாதென்று மணல் மூட்டையையும் கேரியரில் கட்டி ஓட்டினான். முருங்கைக்காய் மாதிரி இருந்த கெண்டைக்கால் ஒரே மாதத்தில் உரல் மாதிரி ஆனது. பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆடி பாதியில் மூட்டையை எடுத்துவிட்டுச் சைக்கிளை இளைக்க வைத்தான். மட்கார்டைக் கழற்றினான், ஸ்டாண்டைக் கழற்றினான், செயின் கவரைக் கழற்றினான். கடைசியாகப் பிரேக்குகளையும் கம்பியோடு கழற்றிப் போட்டுவிட்டான். இதில் யாரும் ஆச்சரியப்படவில்லை, முதலில் நானே படவில்லை. எங்கள் ஊரில் பிரேக் என்பது உப்புக்காற்றில் துருப்பிடிக்க என்றே வைத்த சாமான். நிற்க வேண்டுமென்றால் மிதிப்பதை நிறுத்தினால் போதும், அவசரமென்றால் காலைத் தரையில் தேய்த்துக்கொள்ளலாம். பாதிச் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை. நானே எத்தனையோ பேருக்குக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வாரம் லாரி டிரைவர் சலாஹுதீன் டயருக்கு ஒட்டுப் போட வந்தார். மண்டபத்திலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு, கொடைக்கானல் என்று போய் வருகிறவர். கொடைக்கானல் ஏற்றம் எப்படி என்று கேட்டேன்.

"ஏத்தம் கிடக்கட்டும் நாகநாதன். ஏறுறது இன்ஜின் பாடு. இறங்குறதுதான் நம்ம பாடு. அம்பது கிலோமீட்டர் ஒரே இறக்கம், வளைவுக்கு வளைவு பள்ளம். லாரி பிரேக்கே தீஞ்சு நாறும். அல்லா காப்பாத்தணும்."

என் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. ஒன்றரை மாதமாகப் பன்னிரண்டு பேரும் ஏறப் பழகியிருக்கிறார்கள். இறங்க ஒருவனும் பழகவில்லை. இறங்குவதை எங்கே போய்ப் பழகுவது? பாலத்து இறக்கம் முடிந்தால் எதிர்க்காற்றோ சமதரையோ வந்து வண்டியைத் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

அன்றைக்கே வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பினேன். பதினொரு பேர் வரிசையாக வந்து முன்னும் பின்னும் புதுப் பிரேக் மாட்டிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல எதிரே வந்து மூச்சு வாங்கினான். நான் பம்பைப் பார்த்துச் சொன்னேன், மலை இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போனால் எலும்பு பொறுக்கத்தான் ஆள் அனுப்ப வேண்டும் என்று. சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் ஏழு வருஷமாக அந்தப் பம்பின் வழியாக நான் அனுப்பியதெல்லாம் விஷம்தான். அவன் காதில் இதுவும் அப்படியே விழுந்தது.

அவன் சைக்கிளின் சீட்டைத் தட்டினான். "கேட்டியா? நான் மலை ஏறிறக் கூடாதுன்னு இந்தக் கடைக்காரருக்கு வயித்தெரிச்சல். கனத்தை ஏத்திவிடப் பாக்குறாரு" என்றான். ஏறிப் போய்விட்டான்.

வாத்தியாரை விட்டுச் சொல்லச் சொன்னேன். எங்க மச்சான் சொல்லிக் கொடுத்து வந்திருப்பீங்க என்று அவரையும் மறித்துவிட்டானாம். சோணையம்மாள் அழுதாள். நீங்களே நேரில் போய் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான் என்றாள். நான் முடியாது என்றேன். முதலில் வாய் திறக்கிறவன் தோற்றவன். ஏழு வருஷம் காத்த வைராக்கியத்தை அவன் முன்னால் கொண்டுபோய்க் கொட்டவா? ஆனாலும் ராத்திரியில் கண்ணை மூடினால் பிரேக் இல்லாத சைக்கிள் ஒன்று வளைவில் இறங்கிக்கொண்டே இருந்தது. அதன் ஹேண்டில்பாரில் என் மகள் பெயர் ஆடியது.

ஆவணி மூன்றாம் தேதி காலை ஏழரைக்குப் பன்னிரண்டு சைக்கிளும் பாலம் தாண்டி எங்கள் ஊர் வழியாக வந்தன. கடை வாசலில் டிரம்மில் மோர் கரைத்து வைத்திருந்தோம். பெஞ்சில் ராக்கு உட்கார்ந்திருந்தாள். பதினொரு பேர் நின்றார்கள். தங்கசாமி மட்டும் மருமகளைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு நிற்காமல் மிதித்தான். ராமநாதபுரத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் யார் பிடிப்பது?

நான் ரோட்டின் நடுவில் போய் நின்றேன்.

"ஏலே தங்கசாமி! அறிவுகெட்ட நாயே, நில்லுலே!"

ஏழு வருஷத்தில் அவன் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அது. அவன் திடுக்கிட்டு நிறுத்தப் பார்த்தான். இரண்டு காலையும் தரையில் தேய்த்தான், செருப்பு ஒன்று பறந்தது. சமதரையில், எதிர்க்காற்றில், என்னைத் தாண்டிக்கொண்டு போய் மோர் டிரம்மில் மோதித்தான் நின்றான். வேட்டியெல்லாம் மோர். யாரும் சிரிக்கவில்லை. அவனும் தன் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எடுத்து வைத்திருந்த பிரேக் செட்டைக் கொண்டுவந்து குத்தவைத்து மாட்ட ஆரம்பித்தேன். அவன் தடுக்கவில்லை. பின்சக்கரத்துக்கு மாட்டும்போது மேலேயிருந்து அவன் குரல் கேட்டது, எனக்கு நேராக.

"அன்னைக்குக் காத்துக்கு ரயிலைப் பாம்பன்ல நிறுத்திட்டாக மச்சான். ரெண்டு மணி நேரம். நான் வேணும்னு பிந்தலை."

பொய் சொல்லியிருக்கலாம். அப்படியா, தெரியாமல் போச்சே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவன் சைக்கிளின் பிரேக்கை இறுக்கிக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"தெரியும்லே. காது குத்துறதுக்கு முந்தியே ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்து சொன்னான். பொண்ணு கொடுத்த வீட்டுக்காரனுக்காக நாம காத்துக்கிடக்கணுமான்னு எனக்கு ஒரு கிறுக்கு. குத்தச் சொல்லிட்டேன்."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி நட்டை இறுக்கியதும் சைக்கிளைப் பிடுங்கினான், ஏறினான், போய்விட்டான். இத்தனை நாளும் அவன் கோபம் ஒரு தப்பிதம் என்றாவது இருந்தது. இப்போது அது நியாயமாகிவிட்டது. அதை அவன் கையில் கொடுத்தது நான்தான்.

ஆறாம் நாள் திரும்பி வந்தார்கள், பன்னிரண்டு பேரும், சைக்கிளிலேயே. தங்கசாமி என் கடையில் நிற்காமல் போய்விட்டான். வாத்தியார் மட்டும் நின்று ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே தங்கசாமி சைக்கிளில் நான் மாட்டிய பிரேக் கட்டைகள். ரப்பர் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் தேய்ந்து, இரும்பும் பாதி தேய்ந்திருந்தது.

புரட்டாசியில் மூன்று சக்கர வண்டிகள் வந்தன. ராக்குவின் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றித் தங்கசாமிதான் கொண்டுவந்தான். வீட்டுக்கு அல்ல, கடைக்கு. வண்டியை இறக்கி நிறுத்திவிட்டு அதைப் பார்த்துச் சொன்னான், பிள்ளை ஓட்டப்போகிற வண்டி, பிரேக் சரியாயிருக்கா என்று ஆள் பார்த்துச் சொல்லட்டும் என்று. பழையபடி பேச்சு வண்டியிடம் போய்விட்டது. பார்க்கிறேன் மாப்பிள்ளை என்று நான் நேராகத்தான் சொன்னேன். அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நான் சக்கரத்தடியில் குனிந்தேன். பெஞ்சில் சாய்ந்து நின்ற ராக்குவை அவன் தூக்கி, உட்கார்ந்து, தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் காதிலிருந்த தோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். எனக்குக் கண் மறைத்தது, திருகியே இருந்த நட்டைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தேன்.

அவன் மூன்று சக்கர வண்டியைப் பார்த்துச் சொன்னான்.

"அன்னைக்கு மூணு வயசு. இன்னைக்குப் பத்து வயசு. கனக்குதுன்னு சொல்லு."