பதினான்கு செவ்வாய்க்கிழமைகள்

ஞானமுத்து வாத்தியாரின் விரல் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எழுபத்தொன்பதாம் வருடத்துத் திருச்சபைப் பஞ்சாங்கத்தில் பிப்ரவரி ஆறு, செவ்வாய்க்கிழமையில் புறப்பட்டு, ஜனவரியின் ஐந்து செவ்வாய்களையும் தொட்டது. பிறகு அலமாரியிலிருந்து போன வருடத்துப் புத்தகத்தை எடுத்தார். டிசம்பரில் நான்கு செவ்வாய். ஆக ஒன்பது. நவம்பர் இருபத்தெட்டு, பத்து. பதினொன்றில் விரல் நின்றுவிட்டது.

நவம்பர் இருபத்தொன்று. அந்தக் கட்டத்தில் எழுத்து எதுவும் இல்லை. சிவப்பு மையில் ஒரு சிலுவை மட்டும் இருந்தது. அவருடைய ஒரே மகன் இன்பசேகரன் இறந்த நாள்.

சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்ற ஜெயபுஷ்பம் அதைப் பார்த்தாள். இறந்தவன் அவளுடைய கணவன். தோல் மண்டிக்காரருக்காகக் கல்கத்தா போய்ப் பச்சைத் தோல் வாங்கி வருவது அவன் வேலை. நாற்பது நாளுக்கு மேல் அங்கே இருந்துவிட்டு வீடு திரும்பிய பதினோராம் நாள், நாட்றம்பள்ளிக்குப் பக்கத்தில் தோல் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அவளுக்கு மாதாமாதம் வருவது நின்றுபோனதைத் துக்கத்தினால் என்றே நினைத்திருந்தாள். அவள் பிள்ளை உண்டாகியிருப்பதை அன்று காலைதான் மிஷன் ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள்.

கேட்டதும் வாத்தியார் முழங்கால் போட்டு ஜெபம் செய்தார். கடைத்தெருவுக்கு ஓடி, இனிப்புக்கு ஒரு பொட்டலம் மக்கன் பேடா வாங்கி வந்தார். மாத்திரைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பதினாலு வாரம்னு எழுதியிருக்காங்கம்மா" என்று இங்கிலீஷைப் படித்துச் சொன்னார். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். கர்த்தர் இந்த வீட்டை நினைத்த நாள் எது என்று பஞ்சாங்கத்தில் குறித்து வைக்கத்தான் எண்ண ஆரம்பித்தார். வேறு எண்ணமே அவருக்கு இல்லை.

விரல் சிலுவையைத் தாண்டியது. பதினாலாம் தேதி, பன்னிரண்டு. ஏழாம் தேதி, பதின்மூன்று. அக்டோபர் முப்பத்தொன்று, பதினான்கு.

அவர் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். இந்த முறை பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனார்.

"இன்பா கல்கத்தாவுலேருந்து வந்தது எப்பம்மா?"

"பத்தாந்தேதி மாமா. வெள்ளிக்கிழமை."

"நடுவுல எப்பவாச்சும் வந்துட்டுப் போனானா?"

"இல்லியே மாமா. போனதுலேருந்து அங்கியேதான இருந்தார்."

மகன் நினைப்பில் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு அவள் சொன்னாள். அவர் பஞ்சாங்கத்தை மூடினார். காபி ஆறிப்போய் ஆடை கட்டியது. அன்று அவர் சாப்பிட உட்காரவில்லை. மறுநாள் காலை அவரே அடுப்பு மூட்டி, தனக்கு மட்டும் கஞ்சி காய்ச்சிக்கொண்டார்.

"உங்க அண்ணனுக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "சனிக்கிழமை வருவான். துணிமணியெல்லாம் எடுத்து வச்சிக்கோ."

"ஏன் மாமா? நான் இன்னா பண்ணேன்?"

"கேக்காத. கேட்டா நான் சொல்லணும். சொல்லிட்டா அந்த வார்த்தை இந்த வீட்டுலயே தங்கிடும்."

அவர் வெளியே போனதும் அவள் இரண்டு பஞ்சாங்கங்களையும் எடுத்துப் பிரித்தாள். பென்சில் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். கடைசிப் புள்ளி அக்டோபர் முப்பத்தொன்றில், இன்பசேகரன் கல்கத்தாவில் இருந்த நாளில், நின்றது. அவருக்கு இதில் என்ன தெரிந்தது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தத் தேதி உண்மையில் என்ன என்பதும் உடனே விளங்கிவிட்டது. அதுதான் கொடுமை.

அக்டோபர் முப்பத்தொன்று சீர்திருத்தத் திருநாள். தெருவே ஆராதனைக்குப் போயிருந்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியா எப்ப தூரமான?" அவள் அந்தத் திருநாளைச் சொன்னாள். நர்ஸ் அதிலிருந்து வாரங்களை எண்ணிச் சீட்டில் போட்டுக் கொடுத்தாள். பிள்ளை தங்குவதற்குப் பதினைந்து நாள் முன்பே ஆஸ்பத்திரிக் கணக்கு தொடங்கிவிடுகிறது. பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் இந்த வீட்டில் அவளைத் தவிரப் பெண் இல்லை. மாமியார், இன்பசேகரன் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள்.

இதை எந்த வாயால் மாமனாரிடம் சொல்வது? மாதாமாதம் அந்த மூன்று நாட்களில் அவள் சத்தமில்லாமல் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துணியைப் பின்கட்டில் மறைவாக உலர்த்தி, ஒன்றுமே நடக்காததுபோல அவருக்குச் சோறு போட்டவள். அவரும் ஒன்றும் தெரியாதவர்போலச் சாப்பிட்டு எழுந்தவர். அப்படித்தான் அந்த வீடு நடந்தது. எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பேப்பரை எடுத்தாள். நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

"இன்னா பொண்ணே, முழுகாம இருக்கறவ மூஞ்சியா இது?" என்று மறுநாள் மதில் மேல் தலை நீட்டினாள் பக்கத்து வீட்டு ஹலீமா பீ.

அழுகையும் பேச்சுமாக விஷயம் வெளியே வந்தது. ஹலீமா பீ முதலில் சிரித்துவிட்டாள். பிறகு தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டாள்.

"யா அல்லா! வாத்தியாருக்குப் படிப்பு ஜாஸ்தி, வெவரம் கம்மி. ஆஸ்பத்திரில எப்பவும் ரெண்டு வாரம் கூடத்தான் எழுதுவாங்க. ஏழு பெத்தவ சொல்றேன். இதுக்குப் போயி பேஜாராவறியே. நானே சொல்லிட்டு வர்றேன், இரு."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"சொல்ல வுட்டாதானே! 'பாய் வீட்டம்மா, இதெல்லாம் பொம்பளைங்க பேச்சு, என் காதுல போடாதீங்க'ன்னு கதவ சாத்திட்டாரு. நீதான் சொல்லணும், பொண்ணே."

"எப்படி ஹலீமாம்மா சொல்லுவேன்? செத்துரலாம்."

"செத்தீன்னா அவர் போட்ட கணக்கு சரின்னு ஆயிடும்" என்றாள் ஹலீமா பீ. இப்போது அவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணன் ஜார்ஜ் வாலாஜாபேட்டையிலிருந்து வந்து சேர்ந்தான். செருப்பைக் கழற்றவில்லை. வாத்தியாருக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"சார் எழுதினதப் படிச்சேன். பெட்டிய எடு புஷ்பம்."

"நீங்களும் எண்ணிப் பாத்தீங்களாண்ணா?"

"எண்ணாம வருவனா? பஸ்ஸுல வரும்போதே ரெண்டு தடவ எண்ணினேன்."

கூடப் பிறந்தவன் இரண்டு தடவை எண்ணியிருக்கிறான். ஒரு தடவைகூட அவளைக் கேட்கத் தோன்றவில்லை. ஜெயபுஷ்பம் பெட்டியைத் தூக்கினாள். வாசல்வரைகூடப் போனாள். படியில் கால் வைத்ததும் அடுத்த கால் வரவில்லை. இப்போது இறங்கினால் வயிற்றில் இருப்பதற்கு இந்த ஜென்மத்துக்கும் அப்பன் பெயர் இல்லை. பெட்டியைக் கீழே வைத்தாள். திரும்பினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"மாமா, சீர்திருத்தத் திருநாள் அன்னிக்கு நான் கோயிலுக்கு வரல. நீங்க ஏன்னு கேக்கல. கேக்க மாட்டீங்க. அன்னிக்கு நான் தூரம்."

ஜார்ஜ் துள்ளி எழுந்தான். "வாய மூடு! பெரியவர் முன்னாடி பேசற பேச்சா இது?"

"மூடினா நீங்க கூட்டிட்டுப் போயிடுவீங்கண்ணா." அவள் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரில அந்த நாள்லேருந்துதான் எண்ணுவாங்க மாமா. புள்ள தங்கின நாள்லேருந்து இல்ல. அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? தூரமான நாளத்தான் கேக்கறாங்க, அதத்தான் நாங்க சொல்றோம். புள்ள தங்கறது அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கழிச்சி. நர்ஸம்மாவக் கேளுங்க. ஹலீமாம்மாவக் கேளுங்க. தெருவுல போற எந்தப் பொம்பளைய வேணாலும் கேளுங்க."

வாத்தியாரின் கை பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்தது.

"அவர் இங்க பதினொரு நாள் இருந்தார் மாமா. எந்த நாள்னும் சொல்லிடறேன்."

"வேணாம்மா."

"வேணும் மாமா. நீங்க நாளைக்குத் திரும்பவும் எண்ணுவீங்க. பதினாலாந்தேதி. அன்னிக்கு சாயங்காலம் பிடிச்ச மழை. கரண்ட் இல்ல. நீங்க கூடத்துல இருமிட்டே இருந்தீங்க. அப்பா தூங்கட்டும்னு அவர் மெல்லப் பேசினார்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவனோடு இருந்த கடைசி நாட்களில் அவள் தனக்கென்று எடுத்து வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். இந்த மூன்று மாதமாகப் படுக்கும்போதெல்லாம் அந்த மழைச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு படுத்தாள். இப்போது அது பகல் வெளிச்சத்தில், இரண்டு ஆண்களுக்கு நடுவில், சாட்சியாகக் கிடந்தது.

ஞானமுத்து வாத்தியார் விரலை அக்டோபர் முப்பத்தொன்றில் வைத்தார். முன்னோக்கி ஒரு செவ்வாய். இன்னொரு செவ்வாய். நவம்பர் பதினாலு. அதற்கு நேர் கீழே சிலுவை போட்ட கட்டம். அவருடைய தோள்கள் குலுங்கின. மகனைக் குழியில் இறக்கியபோதுகூட அவர் அப்படி அழுததில்லை.

"மழ பெஞ்சுதும்மா" என்றார். "ஆமா. பெஞ்சுது. எங்கேருந்து எண்ணணும்னு நான் கேக்கவே இல்லியே."

ஜார்ஜ் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப நான் பன்னெண்டரை பஸ்ஸப் புடிக்கறேன் சார்" என்றான். யாரும் அவனை இருக்கச் சொல்லவில்லை. அவன் போனான்.

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். பழக்கம் விடுமா? மார்ச், ஏப்ரல் என்று விரல் முன்னால் ஓடத் தொடங்கியது. உதடுகள் எண்ணின.

ஜெயபுஷ்பம் அருகில் வந்தாள். அவர் கையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து மூடினாள்.

"இத நான் எண்ணிக்கறேன் மாமா" என்றாள். "நீங்க எண்ண வேணாம்."