காலுக்குப் பதில் ர

கண்ணுக்கு எதிரில் இருப்பதை இல்லை என்று சாதிக்கிற ஆள் மனிதனாக இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். கணினிக்குச் சட்டை கிடையாது. அதனால் மேசையைத் தட்டினேன். பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த பிரேக் ஷூ டப்பாக்களில் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

வண்டி உதிரிபாகக் கிடங்கில் டப்பாக்களுக்கு லேபிள் அடிப்பது என் வேலை. அக்கா கடலுக்கு அந்தப் பக்கம். எனக்குக் காலை நேரம் என்றால் அவளுக்கு மதியம் ஒன்றரை. அவள் கணினியை இங்கிருந்தே பார்க்கவும் இயக்கவும் ஒரு செயலி போட்டு வைத்திருக்கிறேன். திரையில் அவள் ஃபோல்டர்கள், காதில் அவள் குரல்.

"என்னடா, எல்லாம் போயிடுச்சா?" என்றாள். சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டாள்.

"போயிடுச்சுக்கா" என்றேன். நான் சொன்ன பொருள் வேறு.

பன்னிரண்டு வருடம் வீட்டில் இருந்தவளுக்குக் கிடைத்த வேலை இது. பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளிக்காகப் புவியியல் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். மொத்தம் இருபத்திரண்டு பாடம். இன்று நான்கு மணிக்குள் டீச்சருக்குப் போய்விட வேண்டும். டீச்சர் அவற்றைப் பதினோரு பிள்ளைகளின் கருவிகளில் ஏற்றிக் கொடுப்பார். ஐந்து மணிக்கு விடுதியைப் பூட்டுகிறார்கள். பிள்ளைகள் விடுமுறைக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், திரும்பி வந்த மறுநாளே பரீட்சை. நான்கு மணியைத் தவறவிட்டால் அந்தப் பதினோரு பேரும் படிக்கப் புத்தகமில்லாமல் வீட்டுக்குப் போவார்கள்.

அக்கா ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் போட்டிருந்தால் பத்து நிமிட வேலை. நான்தான் பெரிய ஆள் மாதிரி, "அதெல்லாம் எதுக்குக்கா, கம்ப்யூட்டரே நகர்த்திக்கற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தர்றேன், ஒரு தட்டுத் தட்டினா போதும்" என்றேன். 'வந்தது' என்கிற ஃபோல்டரில் இருக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து 'பாடம்' என்கிற ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும். அவ்வளவுதான். என் கணினியில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கா வீட்டிலும் ஓடியது. 'முடிந்தது' என்று நான் எழுதி வைத்த வாழ்த்தையும் காட்டியது.

'வந்தது' காலி. 'பாடம்' அதுவும் காலி.

"காலின்னா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"இரு, பாக்கறேன்."

ஃபோல்டரின் பெயரைக் கட்டளை வரியில் தட்டினேன். அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்றது. நான்கு முறை தட்டினேன், நான்கு முறையும் இல்லை என்றது. பட்டியலைக் கேட்டால் மட்டும் 'பாடம்' என்று காட்டியது. அதுவும் இரண்டு 'பாடம்'. ஒரு வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்கக் கணினி விடாது. விடாத ஒன்றை அது எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

ஒன்று ஃபோல்டர். மற்றது ஒற்றை ஃபைல். அந்த ஃபைலைத் திறந்தேன்.

"இருபத்திரண்டாம் பாடம். கடலோரச் சமவெளிகள்" என்றது அக்காவின் குரல், நிதானமாக.

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க, ஃபோல்டர் பெயரின் இரண்டாவது எழுத்துக்குக் கீழே ஒரு சின்ன வால் முளைத்தது. பாடம் இல்லை, பரடம்.

"அக்கா, இந்த ஃபோல்டர யாரு போட்டது?"

"நான் வாசிச்சிட்டு இருந்தேனா, உங்க மாமாவப் போடச் சொன்னேன்."

"குடு அவர்ட்ட."

மாமா போனை வாங்கினார். "சொல்லு ஒட்டடக்குச்சி."

"மாமா, கால் எங்க போட்டீங்க?"

"கால எங்கடா போடுவாங்க? மேசைக்கு அடியிலதான்."

"எழுத்துக் கால் மாமா. பா-வுக்குப் போடற கால்."

"ஓ, அதுவா. அது கீபோர்டுல எங்க இருக்குன்னே தெரியலப்பா. பக்கத்துல ர இருந்துச்சு, போட்டுட்டேன். பாக்க ஒண்ணுதானே?"

"பாக்க ஒண்ணுதான். வாலு இருக்குதில்ல?"

"அம்மாம் பெரிய கம்ப்யூட்டரு, இத்துனூண்டு வால அனுசரிச்சுப் போகாதா?"

போகாது. கால் போட்ட பாடத்தைத் தேடியிருக்கிறது, ஃபோல்டர் இல்லை. சரி, வருகிற பதிவுக்கே 'பாடம்' என்று பெயர் வைக்கச் சொல்கிறான் போலிருக்கிறது என்று முடிவு செய்து, முதல் பதிவுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறது. இரண்டாவதற்கும் அதே பெயர். அது முதல் பதிவை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இப்படி ஒன்றின் தலைமேல் ஒன்றாக உட்கார்ந்து, இருபத்தொரு பாடம் நசுங்கிப்போய் இருபத்திரண்டாவது மட்டும் மிச்சம். மாமாவைத் திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் என் வரி கண்ணில் பட்டது. ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டிருந்தால், 'இது ஃபோல்டர், இல்லாவிட்டால் அப்படியே நில்' என்று அர்த்தம். முதல் பதிவிலேயே நின்றிருக்கும். நான் போடவில்லை. அவர் கால் போடவில்லை, நான் கோடு போடவில்லை. நல்ல குடும்பம்.

அக்கா போனை வாங்கினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"போன்ல இருக்கறத நீதானடா அழிக்கச் சொன்ன? கம்ப்யூட்டருக்கு ஏத்திட்டா அப்பறம் எதுக்குன்னு?"

"நான்தான்."

"மணி ஒண்ணு அம்பது. இருபத்தொண்ணையும் இப்ப வாசிக்க எனக்கென்ன பத்து வாயா?" குரல் உடைந்தது, உடனே சரியானது. "சரி. உன்கிட்ட இருக்குமே, அத எடு."

தினமும் ஒரு பாடம் முடித்ததும் எனக்கு அனுப்புவாள். 'கேட்டுட்டு சொல்லு, அவசரமா வாசிக்கிறேனான்னு.' நானும் தவறாமல் 'சூப்பர்க்கா' என்று பதில் போடுவேன். ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. வேலை முடிந்து அறைக்குப் போனால் இன்னொரு குரலைக் கேட்கிற தெம்பு இருக்காது. இல்லை, அது பொய். கேட்டால் அந்த ராத்திரி தூக்கம் வராது என்று தெரியும்.

"இருக்கு" என்றேன். "ஆனா மூணு இல்ல. போன்ல இடம் பத்தலன்னு அழிச்சிட்டேன்."

"எதுக்கு இடம்?"

"ஒரு வீடியோ. குழாய் ஒழுகினா எப்படிச் சரி பண்றதுன்னு."

"பண்ணியா?"

"இல்ல."

"நல்லது. எந்த மூணு?"

"நாலு, ஒம்பது, பதினஞ்சு."

"நான் அத வாசிக்கறேன். நீ மிச்சத்த அடுக்கு."

கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்து, கீழே கிடந்த டப்பாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போனார். லேபிள் ஒரு கையில், போன் ஒரு கையில். என் போனில் அந்த ஃபைல்களின் பெயர்கள் தேதியும் எண்ணுமாக ஒரு முழம் நீளம். அவள் கூடவே எழுதி அனுப்பியிருந்த பாட எண்ணைப் பார்த்து, எது எந்தப் பாடம் என்று ஒரு பட்டியல் எழுதி, அவள் கணினிக்கு ஏற்றி, பெயரை மாற்றுவதற்கு இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதி முடிக்கும்போது அங்கே மூன்று மணி. விரல் கட்டளையின் மேல் நின்றது. தட்ட மாட்டேன் என்றது.

அக்கா வெளியே வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. "மூணும் ஆச்சு. என்ன முழிச்சிட்டு இருக்க?"

"பயமா இருக்குக்கா."

"உங்க மாமாகிட்ட நான் என்ன சொல்வேன்? எதையும் பண்றதுக்கு முன்னாடி என்ன பண்ணப் போறேன்னு வாயால சொல்லுங்கம்பேன். அத மொதல்ல சொல்லச் சொல்லு. செய்யறது அப்பறம்."

செய்யாதே, செய்யப் போவதை மட்டும் எழுதிக் காட்டு என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். திரையில் வரிசையாக வந்தது. அக்கா தன் திரையில் பார்த்து, பாடம் வாசிக்கிற அதே குரலில் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பாதியில் நின்றாள்.

"டேய், பதினாலு ரெண்டு தடவ வருது."

வந்தது. அவள் பதினாலை இரண்டு முறை அனுப்பியிருக்கிறாள். ஒன்றின் தலைமேல் இன்னொன்று மறுபடியும் உட்காரப் பார்த்தது.

"எதுக்கா நல்லது?"

"ஞாபகம் இல்ல. கேட்டுப் பாரு."

கேட்டேன். முதலாவதில் குறை ஒன்றும் இல்லை. இரண்டாவதை ஓடவிட்டேன். "பாலைவனத்தில் பகலில் கடும் வெப்பம் நிலவும்" என்கிறாள் அக்கா. தூரத்தில் மாமா, "ஏம்மா, என் கண்ணாடி எங்க?" என்கிறார். "தலையிலதான் இருக்கு" என்று அதே நிதானத்தில் சொல்லிவிட்டு, "இரவில் கடும் குளிர் நிலவும்" என்று தொடர்கிறாள். அவள் தடுத்திருக்காவிட்டால் அந்த இரண்டாவதுதான் மிஞ்சியிருக்கும். பதினோரு பிள்ளைகளும் பாலைவனத்தில் கண்ணாடி தலையில் இருக்கும் என்று பரீட்சையில் எழுதியிருப்பார்கள்.

கிடங்கு என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன்.

இரண்டாவதைத் தூக்கினேன். ஃபோல்டருக்குக் கால் போட்டேன், என் வரிக்குச் சாய்கோடு போட்டேன். அக்கா மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்து, "ம், இப்பத் தட்டு" என்றாள். தட்டினேன். இருபத்திரண்டும் வந்து உட்கார்ந்தன, தனித்தனியாக. டீச்சருக்கு அனுப்பி முடிக்கும்போது மூன்று ஐம்பத்திரண்டு. 'வந்துருச்சு, ஏத்திட்டு இருக்கேன்' என்று அவரிடமிருந்து பதில் வந்தது.

"அப்பாடா" என்றாள் அக்கா. தண்ணீர் குடிக்கிற சத்தம். பிறகு, "டேய், நான் அனுப்பினத நீ கேட்டா என் போன்ல நிறம் மாறுமே, அந்தச் சின்னக் குறி. இன்னிக்குத்தான் பதினாலுல மாறியிருக்கு."

கீழே கிடந்த டப்பாவைக் குனிந்து எடுத்தேன்.

"எனக்கு மொத நாளே தெரியும். சரி, இருக்கானே, பதில் போடறானேன்னு விட்டுட்டேன். மிச்சத்த எப்பக் கேப்ப?"

"கேக்கறேன்க்கா. தினமும் ஒண்ணொண்ணா தானா ஓடற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட்..."

"எழுதித்தான் பாரேன்" என்றாள். "கைய ஒடச்சிடுவேன்."