பழைய ஃபைலில் இருந்த நம்பர்

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இரண்டு மாடி கிளினிக்கின் கணினியிலிருந்து நாற்பத்தாறு பரிசோதனை முடிவுகள் நாற்பத்தாறு கைபேசிகளுக்குப் போயின.

அனுப்பியவள் ஃபைல் அக்கா. பதினான்கு வருடமாக முன்மேசையில் இருப்பவள். அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது; அதையும் யாரும் படித்ததில்லை. வருகிறவர் கதவைத் தள்ளிக்கொண்டு மேசைக்கு வருவதற்குள் அவருடைய ஃபைல் திரைக்கு வந்துவிடும். பெயர் என்ன, வயது என்ன, நம்பர் என்ன என்று ஒவ்வொரு முறையும் கேட்டு நோயாளியின் உயிரை வாங்கக் கூடாது என்பது அவள் கொள்கை. "உடம்பு முடியாம வர்றவங்களைப் பரீட்சை எழுதவா சொல்றது?" என்பாள்.

அன்று அந்தக் கொள்கைதான் அவள் காலை வாரிவிட்டது.

ஒன்று ஐந்துக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவளின் கண்ணில், திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு பட்டது. அதில் அவள் கையெழுத்திலேயே ஒரு நம்பர். காலையில் தனியாக வந்த பள்ளிக்கூடப் பெண் கொடுத்தது. "இந்த நம்பருக்கு மட்டும்தான் அனுப்பணும் அக்கா" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

ஃபைலைத் திறந்தாள். அந்தப் பெண்ணுக்கு நான்கு வயதானபோது தடுப்பூசிக்காகத் திறந்த ஃபைல். தொடர்பு எண் என்ற இடத்தில் அவளுடைய அப்பாவின் நம்பர். பக்கத்தில் பச்சையாக ஒரு டிக்: அனுப்பப்பட்டது.

ஃபைல் அக்கா அந்த டிக்கையும் மஞ்சள் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினாறு வயது நாலு மாதம். வயது குறைந்தவர்களை டாக்டரம்மா பார்க்கும்போது அறையில் இன்னொரு பெண் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் காலையில் ஃபைல் அக்காவும் உள்ளே சுவரோரமாக நின்றிருந்தாள். டாக்டரம்மா கேட்க வேண்டியதை ஒன்றுவிடாமல் கேட்டார். பையன் யார், என்ன வயது, மிரட்டினானா, கட்டாயப்படுத்தினானா. ஒரே வகுப்பு, ஒரே வயது, யாரையும் மிரட்டுகிற அளவுக்கு அவனுக்குத் தைரியம் போதாது என்று பதில் வந்தது. பிறகு டாக்டரம்மா சொன்னார்: "உன்கிட்ட எதையும் மறைச்சு வைக்க மாட்டேன்மா. ரிசல்ட் எதுவானாலும், பதினெட்டு வயசுக்குக் கீழன்னா நான் சமூகப் பணியாளருக்குத் தெரிவிச்சே ஆகணும். அது சட்டம். வீட்ல ஒரு பெரியவங்களுக்கும் தெரியணும். அதை நீயே சொல்லலாம். என்னிக்குன்னு நீ சொல்லு."

வெள்ளிக்கிழமை என்றாள். வெளியூரில் வேலை பார்க்கும் அம்மா அன்றைக்குத்தான் வருவாள். அம்மாவிடம் சொல்லிவிட்டால், அப்பாவை அம்மா பார்த்துக்கொள்வாள். டாக்டரம்மா சரி என்றார். ஃபைல் அக்கா வெளியே வந்தபோது வரிசையில் ஏழு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். நம்பரை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று சீட்டை ஒட்டினாள். அப்புறம் என்பது வரவே இல்லை.

"என்னக்கா, பேயைப் பார்த்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் லேப்காரன். ரத்தம் எடுப்பவன் என்பதால் அவனுக்கு ஊசி என்று பெயர். திரையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"அட, இதுக்கா இவ்வளவு? 'சற்றுமுன் வந்த முடிவு வேறொருவருடையது, தவறுக்கு வருந்துகிறோம்'னு இன்னொரு மெசேஜ் தட்டி விடுங்க. பொண்ணும் தப்பிச்சா, நீங்களும் தப்பிச்சீங்க, கிளினிக்கும் தப்பிச்சுது."

எல்லோரும் ஒரே வரியில் தப்பிக்கிற அந்த யோசனை ஃபைல் அக்காவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. தட்டத் தொடங்கினாள்.

"இல்லன்னா விட்டுடுங்க" என்றான் ஊசி. "பெத்த அப்பனுக்குத் தெரிஞ்சா என்ன தப்பு? எனக்கு ஒரு பொண்ணு இருந்தா, எனக்குத்தான் முதல்ல தெரியணும்பேன்."

"முதல்ல உனக்கு ஒரு பொண்ணு பார்க்கட்டும். அப்புறம் உன் பொண்ணைப் பத்திப் பேசுவோம்."

வாய் அப்படிச் சொன்னாலும் மனசுக்குள் சுருக்கென்றது. அவள் வீட்டிலும் பதினைந்து வயதில் ஒருத்தி இருந்தாள். தனக்கென்று வந்தால் தெரிந்தாக வேண்டும் என்றுதான் அவளும் நினைப்பாள். ஆனால் இப்படியா? அனுப்பிய மெசேஜை மறுபடி படித்தாள். 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் மகளின் பரிசோதனை முடிவு தயார். கர்ப்பப் பரிசோதனை: பாசிட்டிவ். நலமோடு வாழ வாழ்த்துகள்.' கடைசியில் ஒரு மஞ்சள் பூ. பூவைப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று போன வருடம் சொன்னவளே அவள்தான்.

'வருந்துகிறோம்' வரை தட்டி முடித்தபோது பின்னால் டாக்டரம்மா நின்றிருந்தார். இரண்டு மெசேஜையும் படித்தார்.

"இதை அனுப்பாத" என்றார். "வெள்ளிக்கிழமை அவ உண்மையைச் சொல்றப்ப, நம்மோட சேர்ந்து அவளும் நாடகம் போட்டான்னுதான் அவர் நினைப்பார். தப்பு நம்மளோடது. அதுக்கு அவளைப் பொய்க்காரி ஆக்கக் கூடாது."

"அப்போ அப்பாவுக்குத் தெரிய வேண்டாமா டாக்டர்?" என்றான் ஊசி.

"தெரியணும். அவ வாயால தெரியணும். நீ அந்தப் பொண்ணுக்கு ஃபோன் போடு ஃபைலு."

ஃபைல் அக்கா அந்தப் பொய்யை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு மஞ்சள் சீட்டில் இருந்த நம்பரை அழைத்தாள்.

பள்ளிக்கூடம் அன்று அரை நாள். பத்து நிமிடத்தில் முதுகில் பையோடு அந்தப் பெண் வந்து நின்றாள். ஃபைல் அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள். "நான்தாம்மா தப்பு பண்ணினேன். நீ குடுத்த நம்பரை ஏத்தாம விட்டுட்டேன். உங்கப்பாவுக்குப் போயிடுச்சு."

பெண் திரைப் பக்கம் கையை நீட்டினாள். திரையைத் திருப்பிக் காட்டினார்கள். படித்தாள்.

"பூ வேற போட்டிருக்கீங்க" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ஊசி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அப்பா இன்னும் பார்த்திருக்க மாட்டார். பஸ் டிரைவருங்க எல்லாம் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஃபோனை டிப்போ பெட்டியில வச்சுப் பூட்டணும். மூணு மணிக்கு டூட்டி முடிஞ்சாத்தான் கையில வரும்."

"டிப்போவுக்குப் பேசி அவரை இங்க வரச் சொல்லட்டுமா?" என்றார் டாக்டரம்மா. "நானும் கூட இருக்கேன்."

வேண்டாம் என்று பெண் தலையை ஆட்டினாள். "கிளினிக் கூப்பிடுதுன்னு சொன்னா என்னமோ ஏதோன்னு பதறிடுவார். பதறிக்கிட்டே வண்டி ஓட்டுவார். உள்ள அறுபது பேர் இருப்பாங்க." கொஞ்சம் யோசித்தாள். "பன்னெண்டாம் நம்பர். ஒண்ணு அம்பதுக்கு எதிர்ல வரும். அதுதான் கடைசி டிரிப். கடைசி ஸ்டாப்புல பன்னெண்டு நிமிஷம் நிக்கும். நான் அங்க வச்சுச் சொல்லிடறேன்."

"அம்மா வர்ற வரைக்கும்…" என்று ஆரம்பித்தாள் ஃபைல் அக்கா.

"அம்மாவை முன்னால விட்டுட்டு நான் பின்னால ஒளிஞ்சுக்கலாம்னு பார்த்தேன். அதான் நடக்கலையே." கைபேசியை எடுத்து யாருக்கோ ஒரு வரி அனுப்பினாள். "அவனையும் இன்னிக்கே அவங்க அம்மாகிட்ட சொல்லச் சொல்லியிருக்கேன். நான் மட்டும் திட்டு வாங்கினா எப்படி?"

"நானும் வர்றேன்" என்றாள் ஃபைல் அக்கா. "என் தப்பை நான்தான் அவர்கிட்ட சொல்லணும்."

"மேசையை நான் பார்த்துக்கறேன்" என்றார் டாக்டரம்மா. அவர்கள் வாசலைத் தாண்டும்போதே, "ஊசி, இதுல தேடற இடம் எங்கப்பா இருக்கு?" என்று கேட்பது காதில் விழுந்தது.

பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. டிரைவர் கழுத்தில் கைக்குட்டையும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தார். படியேறிய மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க இன்ஸ்பெக்டர். திடீர் செக்கிங்கா? எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சுங்க."

சின்ன வயதில் அவர் வண்டியில் ஏறினால் ஒவ்வொரு இருக்கையாகப் போய் டிக்கெட் கேட்பாளாம். அதிலிருந்து அவள் இன்ஸ்பெக்டர்.

"சும்மாதான்ப்பா" என்றாள். அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். முன்னால் தொங்கிய கண்ணாடியில் ஒரு முறை அவளைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இருவரும் டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே, 'வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருந்தது. பெண் அதைக் காட்டினாள்.

"பத்தொம்பது ஸ்டாப்புக்கு நான் தப்பிச்சேன் அக்கா."

"எப்படி ஆரம்பிக்கப் போற?"

"அதான் தெரியல. கோபப்பட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்னு…"

"அப்படி ஆரம்பிச்சா யாரா இருந்தாலும் கோபம்தான் முதல்ல வரும். எம்பொண்ணு அப்படித்தான் ஆரம்பிப்பா, நான் அப்பவே கத்த ஆரம்பிச்சுடுவேன்."

"பின்ன எப்படிச் சொன்னா நீங்க கத்த மாட்டீங்க?"

ஃபைல் அக்கா நான்கு ஸ்டாப் யோசித்தாள். "கத்தத்தான் செய்வேன்" என்றாள் கடைசியில். "ஆனா விஷயத்தை நேராச் சொன்னா, சீக்கிரம் கத்தி முடிச்சுடுவேன்."

பஸ் காலியாகிக்கொண்டே போனது. கடைசி நிறுத்தத்தில் அவர்கள் இருவரும்தான் மிச்சம்; கண்டக்டர் டீ குடிக்க இறங்கிப் போனார். ஃபைல் அக்கா இறங்கி, எதிரே இருந்த சுவரின் நிழலில் நின்றாள். முன்கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் பிளாஸ்கைத் திறந்தார். பெண் நின்றுகொண்டே பேசினாள், சின்னதாகத்தான், இரண்டு மூன்று வாக்கியம் இருக்கும். டிரைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பிளாஸ்கை மூடினார். மறுபடி திறந்தார். பிறகு அவர் கத்துவது தெரிந்தது. கை காற்றில் போனது, ஸ்டியரிங்கில் அறைந்தது. ஹாரன் ஒரு முறை அலற, அதைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். பெண் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

ஃபைல் அக்கா படியேறி, மஞ்சள் சீட்டிலிருந்து மஞ்சள் பூ வரை அனைத்தையும் சொன்னாள். டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலு வயசுல குடுத்த நம்பர்" என்றார். "ஏம்மா, இவ உங்க ஃபைல்ல வளரவே இல்லையா?"

"இல்லைங்க. என் தப்புதான்."

"மூணு மணிக்கு நான் டிப்போல அதைப் படிச்சிருந்தா…" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. மகளிடம் திரும்பினார். "அந்தப் பய யாரு? எங்க இருக்கான்?"

"அவன் இப்ப அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டு இருக்கான்ப்பா. அவனை அடிக்கப் போறதுன்னா என்னையும் சேர்த்து அடிங்க. ரெண்டு பேரும்தான் பொறுப்பு."

"உன்னை நான் எப்ப அடிச்சிருக்கேன்?"

"இல்லை. அதனாலதான் சொல்ல இன்னும் பயமா இருந்துச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் ஏறுவதற்குக் காத்திருந்தார்கள். ஒருவர் கதவைத் தட்டி, "சார், போகுமா, போகாதா?" என்றார். டிரைவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"பன்னெண்டாம் நம்பர் பேசறேன். மாத்து டிரைவர் அனுப்புங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கை நிதானத்துல இல்ல. இப்ப வண்டி எடுத்தா தப்பு." மறுபக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டிருக்கேனா? அனுப்புங்க."

மாற்று டிரைவர் கால் மணி நேரத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். திரும்பும் வழியில் அப்பாவும் மகளும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஃபைல் அக்கா மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தாள். எட்டாவது ஸ்டாப்பில் வண்டி குலுங்கி நின்றது.

"பிரேக்கை மிதிக்கிறானா, பாம்பை மிதிக்கிறானா?" என்றார் அப்பா.

"நீங்களும் இப்படித்தான்ப்பா மிதிப்பீங்க. உங்களுக்குத் தெரியாது. நீங்க பின்னால உக்காந்ததே இல்ல."

"அப்படியா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

மூன்று இருபத்தைந்துக்கு டிப்போவில் அவர் பெட்டியைத் திறந்து கைபேசியை எடுத்தார். மெசேஜைப் படித்தார். மகளுக்கு அதைக் காட்டவில்லை. அவள் ஏற்கெனவே படித்ததை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா, அம்மா, பெண் மூவரும் கிளினிக்குக்கு வந்தார்கள். அந்தப் பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். சமூகப் பணியாளர் எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசினார். டாக்டரம்மா இருக்கிற வழிகளை எல்லாம் விளக்கி, யோசிக்க அந்தப் பெண்ணுக்குப் பத்து நாள் கொடுத்தார். ஃபைல் அக்கா நடந்ததை எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. மெசேஜ்களிலிருந்து பூவை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் எல்லோரிடமும் நம்பர் கேட்க வேண்டும் என்று முன்மேசையில் எழுதி ஒட்டினார்கள். வரிசை முன்பைவிட நீண்டது.

பதினோராம் நாள் அந்தப் பெண் தன் முடிவைச் சொன்னாள். அது அவளுடைய புதிய ஃபைலில் இருக்கிறது. தொடர்பு எண் என்ற இடத்தில் இப்போது இரண்டு நம்பர்கள் இருக்கின்றன. முதலாவது அவளுடையது. இரண்டாவது அப்பாவுடையது, அதை அவளே சொல்லி எழுத வைத்தாள்.