மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குப் பண்பு நடந்த கதை

1

இந்தக் கதை என் மனத்தில் பிறந்ததல்ல. எங்கள் சங்கத்துச் செயலாளர் வேங்கடசுப்ரமணியன் வீட்டுக் கூடத்தில், அவர் வாய்வழியாகப் பிறந்தது. பம்பாய் மாட்டுங்காவில் ஒரே கட்டடத்தில் அவர் முதல் மாடி, நான் இரண்டாம் மாடி. ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு கதையும் எழுதுகிறவன் என்று எனக்குச் சங்கத்தில் ஒரு பெயர் உண்டு.

"ஓய், நம்ம மனிதப் பண்பு நடையைப் பத்தி ஆண்டு மலருக்கு ஒரு கதை எழுதித் தாரும். படிக்கறவா மனசு உருகிடணும்" என்றார். அதற்குள் காப்பி வந்துவிட்டது. குடித்தும்விட்டேன். அதற்குப் பிறகு மறுப்பது பண்பல்ல.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அறுபத்து நான்காம் ஆண்டு, மாசி மாதத்து இளங்காலை. கதிரவன் தன் பொற்கரங்களால் கிங்ஸ் சர்க்கிளைத் தழுவ—"

(தழுவவில்லை. எட்டு மணிக்கே மண்டையைப் பிளந்தது. வேண்டாம்.)

பிறகு இப்படி: "தாராவியின் இருண்ட சந்தில், ஒட்டிய கன்னங்களுடன், ஆறுமுகத்தாய் என்னும் அபலை—"

(ஆறுமுகத்தாயை நான் பார்த்திருக்கிறேன். நல்ல ஆகிருதி. சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். தோல் பதனிடும் தொழிலாளிகளுக்கு இட்லி அவித்து விற்கிறாள். அவளை அபலை என்று எழுதி, அது அவள் காதில் விழுந்தால் அபலை நான்தான்.)

ஆகவே நடந்ததையே சொல்லிவிடுகிறேன். உருகுவது உங்கள் பொறுப்பு.

2

மனிதர்களிடையே நற்பண்புகளை வளர்க்க மாட்டுங்காவிலிருந்து தாராவி வழியாகச் செம்பூர் வரை நடப்பது என்று சங்கம் தீர்மானித்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நடக்கத்தான் ஆள் இல்லை. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மைத்துனன் கல்யாணம், மற்றவர்கள் முடிவில் செம்பூர் மைதானத்துக்கு நேராக வந்துவிடுவதாகச் சொன்னார்கள்.

எனவே செயலாளர் தாராவிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் சந்து அது. அங்கே ஒரு வார்த்தை சொன்னால் ஊரே திரளும் என்று ஆறுமுகத்தாயிடம் எங்களை அனுப்பினார்கள்.

அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"நடக்கதுக்கு என்னய்யா, தண்ணிக்குத் தெனமும் நடக்கத்தானே செய்தோம். எங்க சந்துல பைப்பு கெடையாது. அந்தக் கோடியில ஒண்ணு இருக்கு. அதுல அடிபிடி. நீங்க முனிசிபால்ட்டி ஆளுகளுக்கு வேண்டப்பட்டவுகன்னு சொல்லுதாவ. எங்களுக்கு ஒரு பைப்புக்குச் சொல்லுங்க. செம்பூரு என்ன, தாணே வரைக்கும் நடக்கோம்."

"அதுக்கென்னம்மா, பேஷா சொல்லிடலாம். நடைக்குத் தலைமை தாங்கப் போறவரே முனிசிபாலிட்டி அதிகாரிதான்" என்றார் செயலாளர்.

(இங்கே அவரை வில்லனாக்க என் பேனா துடிக்கிறது. ஆனால் அவர் வில்லன் இல்லை. சொன்ன அந்த நிமிஷம் அவர் அதை நிஜமாகவே நினைத்தார். அவருடைய நல்லெண்ணங்கள் எல்லாமே நிமிஷக்கணக்கில் ஆயுள் உள்ளவை.)

3

நடை சிறப்பாக நடந்தது. முன்னால் தலைமை தாங்கிய அதிகாரி நடந்தார் என்று எழுத ஆசை. ஃபியட் காரில் ஊர்ந்தார். அடுத்துச் செயலாளர். அவருக்குப் பின்னால் அவருடைய மருமான் 'வாய்மை' என்ற அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தான். கான்வென்ட்டில் படித்தவன், தமிழ் அவனுக்கு எந்தப் பக்கமாகப் பிடித்தாலும் ஒன்றுதான். அதற்கும் பின்னால் தாராவிச் சந்து முழுவதும். ஆறுமுகத்தாய் கையில் 'பொறுமை'. பக்கத்து வீட்டு லூர்து மேரி கையில் 'ஈகை'.

சயானில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். "மோர்ச்சாவா?" என்று இந்தியில் கேட்டார். மோர்ச்சா என்றால் கோரிக்கை ஊர்வலம். பம்பாயில் ஊர்வலம் என்றால் கோரிக்கை இருக்கும். கோரிக்கை இருந்தால் போலீஸ் இருக்கும்.

செயலாளர் பதறிவிட்டார். "நஹி, நஹி! நாங்கள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை."

போலீஸ்காரர் அட்டைகளைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வேர்த்து வழியும் பெண்களைப் பார்த்தார். "ஒன்றும் கேட்கவில்லையென்றால் இந்த வெயிலில் எதற்கு நடக்கிறீர்கள்?" என்றார்.*

செம்பூர் மைதானத்தில் கூட்டம். செயலாளர் உணர்ச்சி வசப்பட்டார். "தாராவிச் சகோதரிகளே! மாட்டுங்காவில் என் வீட்டு வாசல் உங்களுக்கு எந்நேரமும் திறந்திருக்கும்!" பலத்த கைதட்டல். அதிகாரி மனிதகுலம் பற்றிப் பேசினார், வடை சாப்பிட்டார், காரில் ஏறினார்.

"பைப்பு விஷயம் சொன்னீயளா அய்யா?" என்று ஆறுமுகத்தாய் வந்து நின்றாள்.

"சந்தர்ப்பம் அமையலைம்மா. இவ்வளவு உசந்த விசேஷத்துல போய்க் குழாயைப் பத்திப் பேசினா நன்னாவா இருக்கும்?"

* இந்த இடத்தைச் செயலாளர் வெட்டச் சொல்வார். நான் மறுப்பேன். பிறகு காப்பி வரும்.

4

சித்திரை பிறந்து வெயில் ஏறியது. தாராவியில் அந்தக் கோடிக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. ஒரு காலையில் வரிசையில் தள்ளுமுள்ளு. பாசி படிந்த கல்லில் வழுக்கி விழுந்த லூர்து மேரிக்குக் கை முறிந்தது. தன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஆறுமுகத்தாயே தண்ணீர் பிடிக்க வேண்டியதாயிற்று. மாவு ஆட்ட நேரமில்லை, தண்ணீருமில்லை. இட்லி நின்றது.

("விதி அவளோடு விளையாடிய—" இல்லை. விதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழாய் இல்லை, அவ்வளவுதான்.)

ஒருநாள் காலை நான் பால்கனியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அட்டை இல்லை, கோஷம் இல்லை. எல்லார் இடுப்பிலும் காலிக் குடம். எங்கள் கட்டடத்துக் காம்பவுண்டுக்குள் நுழைந்து, பின்புறக் குழாயடியில் வரிசையாக நின்றார்கள். லூர்து மேரியும் வந்திருந்தாள், ஒரு கையில் மாவுக்கட்டோடு.

செயலாளர் துண்டை இழுத்துப் போர்த்தியபடி ஓடி வந்தார். "என்னம்மா இது? மோர்ச்சாவா?"

"மோர்ச்சாவா? நாங்க ஒண்ணும் கேக்கலியே அய்யா" என்றாள் ஆறுமுகத்தாய். "வாசல் எப்பவும் தொறந்திருக்கும்னு சொன்னீய. வந்திருக்கோம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லா மாடியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. குடங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. சண்டை இல்லை, இரைச்சல் இல்லை. அப்படி ஒரு ஒழுங்கை எங்கள் சங்கத்துப் பந்தியில்கூட நான் பார்த்ததில்லை.

என் மனைவி அம்மிணி கீழே இறங்கிப் போனாள். லூர்து மேரியைப் பார்த்து, "ஒத்தைக் கையை வச்சுண்டு எப்படிம்மா சுமப்பே?" என்று கேட்டாள்.

"இடுப்பு இருக்கேம்மா. யாராச்சும் தூக்கி வச்சாப் போதும்."

அம்மிணி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். "பல்லைத் தேச்சது போறும். வந்து குடத்தைத் தூக்குங்கோ!"

போய்த் தூக்கினேன். வாய் நிறையப் பல்பொடி நுரை. என் கதைகளில் எத்தனையோ பெண்களை எத்தனையோ குடம் சுமக்கவிட்டிருக்கிறேன். அது இவ்வளவு கனக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

5

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். மேல்தொட்டி நிறையவில்லை. மூன்றாம் மாடி மாமா குளிக்காமல் ஆபீஸ் போனார். கட்டடத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள்.

அந்தக் கூட்டத்தில் யாரும் அன்பு என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. மூன்றாம் மாடி மாமாதான் வழி கண்டுபிடித்தார். "அவா சந்துலயே ஒரு குழாயைப் போட்டுட்டா இங்க ஏன் வரப்போறா?"

அடுத்த நாள் செயலாளர் தலைமையில் கட்டடமே முனிசிபாலிட்டிக்குக் கிளம்பியது. முழங்கால் வலிக்காரரும் நடந்தார். தாராவிக்குத் தண்ணீர் வேண்டுமென்று இங்கிலீஷில் கத்தினார்கள், இந்தியில் கத்தினார்கள். ஏழைகளின் தாகத்துக்காக இத்தனை கோபப்பட்டவர்களை நான் கண்டதில்லை. காரில் ஊர்ந்த அதே அதிகாரி, இவர்களை வெளியே அனுப்பினால் போதுமென்று கையெழுத்துப் போட்டார்.

மழைக்கு முன்னால் சந்துக்குக் குழாய் வந்துவிட்டது.

திறப்பு விழாவில் செயலாளருக்கு மாலை. குழாயைத் திறந்துவிட்டு, அதன் எதிரிலேயே நின்று, நடைப்பயணம் விதைத்த பண்பு இன்று நீராகப் பெருகுவதைப் பற்றிப் பேசலானார். தண்ணீர் அவர் வேட்டியை நனைத்துச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பேசுங்க அய்யா, நல்லாப் பேசுங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. தண்ணி நின்னுரும்" என்று ஆறுமுகத்தாய் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

அவர் தள்ளி நின்றார். பேச்சை நிறுத்தவில்லை.

6

இனி முடிவு. கைவசம் இரண்டு இருக்கின்றன.

செயலாளர் கொடுத்தது: நடையால் மனங்கள் கனிந்தன, குழாய் வந்தது. (மலருக்கு இதுதான் பொருத்தம். அச்சுக்கோப்பவர்கூட நம்பமாட்டார்.)

அம்மிணி கொடுத்தது: "உங்களுக்கெல்லாம் தண்ணி வரலைன்னதும் புத்தி வந்ததுன்னு எழுதுங்கோ." (உண்மை. ஆனால் எழுதினால் நான் வேறு கட்டடம் பார்க்க வேண்டும்.)

மூன்றாவது கிடைக்குமா என்று தாராவிக்குப் போனேன். காலை நேரம். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. லூர்து மேரிக்கு மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. ஆறுமுகத்தாய் குழாயை மறித்தாற்போல் நின்றுகொண்டிருந்தாள். எதிரே கொஞ்சம் தள்ளிச் சில பெண்கள், காலிக் குடங்களோடு.

"உங்க கதையைத்தான் எழுதிண்டிருக்கேன். எப்படி முடிக்கலாம்னு கேக்க வந்தேன்" என்றேன்.

"அதுக்குள்ள எங்கய்யா முடிஞ்சுது?" என்று அவள் எதிரே கையைக் காட்டினாள். "இவளுவ அடுத்த சந்து. அங்க பைப்பு இல்ல. மூணு நாளா இங்க வந்து நிக்காளுவ. இவ விடலாங்கா" என்று லூர்து மேரியைக் காட்டினாள். "விட்டா எங்களுக்குப் பத்தாது. நேத்து வெரட்டிட்டேன். ராத்திரி பூரா ஒறக்கம் வரல. இன்னிக்கி மறுபடியும் வந்திருக்காளுவ. நீங்க படிச்சவுக. சொல்லுங்க, விடவா, வெரட்டவா?"

நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

வாசகரே, உங்கள் நற்பண்புகளில் எனக்குச் சந்தேகமில்லை. கொஞ்சம் முன்னால் வாருங்கள். அந்தப் பெண்கள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் வரும் என்று சொல்வதற்கில்லை.