ஒரே தேதி, இரண்டு பதிவேடுகள்

பெரிய டாக்டர் அன்று போட்டிருந்த சாம்பல் நிறக் கோட்டைத் தைத்தது டெய்லரக்கா. அளவெடுத்தது, வெட்டியது, காஜா போட்டது எல்லாம் அவள்தான். அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டுதான், டெய்லரக்கா மாதிரியானவர்களுக்குத் தங்களைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாது என்று சட்டக் குழுவிடம் சொல்ல அவர் கிளம்பினார். பதிவேட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது எங்கள் மனநல மருத்துவமனை முழுக்கத் தெரியும். தெரிந்தும் என்னைக் கூட்டிப்போனார் மனுஷர்.

மூன்றாம் வார்டுக்கு நான் பொறுப்பு நர்ஸ். டெய்லரக்கா அங்கே வந்து பதினொரு வருஷம். கணவர் இறந்த பிறகு தூக்கம் போய், சாப்பாடு போய், சுவரோடு பேச ஆரம்பித்தவளை அவளுடைய அண்ணன் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தார். இரண்டு வருஷத்தில் தேறிவிட்டாள். காலையில் ஒரே ஒரு மாத்திரை, அவ்வளவுதான். பிரஷருக்கு நான் விழுங்குவதே அதைவிட அதிகம். ஆனால் சேர்த்தவர் கையெழுத்துப் போட்டால்தான் விடலாம் என்றது சட்டம். அண்ணன் வீட்டை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டார். நாங்கள் அனுப்பிய கடிதமெல்லாம் திரும்பி வந்தது.

அத்தை வீட்டில் வளர்ந்த டெய்லரக்காவின் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது, கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிறு தவறாமல் வந்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"சிஸ்டர், நான் கையெழுத்துப் போட்டா செல்லாதா?"

"செல்லாதும்மா."



அந்த நேரத்தில்தான் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. நோயாளியே விடுவிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்று வரைவில் இருந்தது. டாக்டர்கள் சங்கம் உடனே மனு போட்டது. அதில் நாலாவது கோரிக்கை: பழைய விதியே இருக்கட்டும், மாதாமாதம் நாங்கள் பரிசோதிக்கிறோம், அந்தப் பாதுகாப்புப் போதும். டாக்டர்கள் சங்கம் சொன்னால் அமைச்சகத்தில் மறுபேச்சு கிடையாது. எங்கள் நர்ஸ்கள் சங்கமும் ஒரு மனு அனுப்பியிருந்தது. கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது.

சங்கத் தலைவர் பெரிய டாக்டர்தான். வரைவை விசாரிக்கும் சட்டக் குழுவிடம் சாட்சியாகக் காட்ட மாதப் பரிசோதனைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். எடுத்தேன். கூடவே, டெய்லரக்கா வேலை பார்க்கும் தையல்கூடத்தின் பதிவேட்டையும் பைக்குள் வைத்தேன். மறந்துபோய் வைத்ததாகப் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் எதற்குப் பொய்? தெரிந்தேதான் வைத்தேன். அதற்கு முன்னால் டெய்லரக்காவிடம் போய், "உன் பக்கத்தை அவங்ககிட்ட காட்டலாமா?" என்று கேட்டேன்.

அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "முடிவெடுக்கத் தெரியாதவகிட்ட வந்து கேக்கறீங்களே சிஸ்டர். காட்டுங்க, நல்லாக் காட்டுங்க."

குழு அறையில் நீள மேஜை, ஏழு உறுப்பினர்கள். அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும் மைக்குகள். டாக்டர்களுக்கு ஐந்து மெத்தை நாற்காலி. எனக்குச் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெரிய டாக்டர் நன்றாகத்தான் பேசினார். குழுத் தலைவி முன்பு நீதிபதியாக இருந்தவர். டாக்டர் பேசி முடித்ததும் அவர் கேள்வி கேட்டார்.

"மாசா மாசம் கண்டிப்பாப் பாக்கறீங்களா டாக்டர்?"

"ஒரு மாசம்கூடத் தவறினதில்ல மேடம்."

"எங்க, ஏதாவது ஒண்ணப் படிங்க."

டாக்டர் என் பக்கம் கை நீட்டினார். நான் மூன்றாம் வார்டுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். பெயரை விட்டுவிட்டுப் படித்தார்.

"ஒன்பதாம் தேதி. நோயாளியின் நிலையில் மாற்றமில்லை. தன் நலன் குறித்துத் தீர்மானிக்கும் திறன் இல்லை."

இரண்டாவது பதிவேட்டை அதன் மேலேயே விரித்து வைத்தேன். "இதையும் படிச்சிடுங்க டாக்டர். அதே ஆளு, அதே தேதி."

என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடி வைத்திருக்கலாம். ஆனால் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தார்.

"தையல்கூடப் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. பெரிய கத்தரிக்கோல் நான்கு, அலமாரிச் சாவி இரண்டு இவர் வசம் இருக்கும். புதிதாக வரும் ஆறு பெண்களுக்கு வேலை பழக்குவார். எந்தத் துணி, எவ்வளவு தேவை என்பதை இவரே... முடிவு செய்வார்."



"ரெண்டையும் எழுதினது யாரு?" என்றார் தலைவி.

"ரெண்டும் என் கையெழுத்துதான்."

இனி பூசி மெழுகப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சங்கச் செயலாளர் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். பெரிய டாக்டர் அதை விடுவித்துக்கொண்டார்.

"மேடம், முதல் பதிவேட்டுல போன மாசம் எழுதினதப் பார்த்துத்தான் இந்த மாசம் எழுதினேன். பதினொரு வருஷமா அப்படித்தான். ரெண்டாவதுலதான் அந்தம்மாவப் பார்த்து எழுதியிருக்கேன். எங்க மனுவில நாலாவது கோரிக்கைய வாபஸ் வாங்கறேன்."

"சங்கத்தக் கேக்காம எப்படி?" என்று செயலாளர் பதறினார்.

"தலைவர் நான்தானேய்யா. வெளிய வந்து திட்டிக்குங்க."

அந்த மனுஷர் மேல் அப்போது எனக்கு வந்த மரியாதை பத்தொன்பது வருஷ வேலையில் வந்ததில்லை. தலைவி என்னை மைக் பக்கம் கூப்பிட்டார். வேறென்ன செய்யலாம் என்று கேட்டார். நான் விடுவேனா?

"அவங்களே கேக்கட்டும் மேடம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், வெளியாள் ஒருத்தர், மூணு பேர் நேர்ல பார்த்து முப்பது நாளுக்குள்ள பதில் சொல்லட்டும். முடியாதுன்னா, காரணத்த ஒவ்வொரு தடவையும் புதுசா எழுதணும். போன மாசத்தப் பார்த்து எழுதக் கூடாது."

ஏழு பேரும் சிரித்துவிட்டார்கள். பெரிய டாக்டரும்தான்.

பத்து மாதம் கழித்துச் சட்டம் நிறைவேறியது. அச்சிட்ட பிரதி வந்ததும் நின்றபடியே புரட்டினேன். 'மறுப்பதற்கான காரணம் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்பட வேண்டும்.' என் வாக்கியம்! வராந்தாவில் நான் போட்ட சத்தத்தில் மருந்து டிராலி தள்ளியவள் பயந்து நின்றுவிட்டாள். வீட்டில் காட்டியபோது என் கணவர், "இத்தன வருஷமா உன் வாய்தான் எனக்குச் சட்டம். இப்ப ஊருக்கே ஆயிடுச்சா?" என்றார்.

முதல் விண்ணப்பம் டெய்லரக்காவுடையது. பன்னிரண்டே நாளில் மூன்று பேரும் சம்மதித்தார்கள்.

கிளம்பும் நாளில் கத்தரிக்கோல்களையும் சாவிகளையும் என் மேஜையில் பரப்பினாள். "எண்ணிப் பாத்து வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்" என்று பிடிவாதமாக நின்றாள். போட்டேன். விடுவிப்புப் படிவம் மட்டும் இன்னும் பழையதுதான். அதன் கடைசி வரி: 'அழைத்துச் செல்பவர் கையெழுத்து.'

இத்தனை வருஷமாகக் காத்திருந்த வரி. மகள் ஆசையாகக் கை நீட்டினாள். "பேனாவக் குடும்மா, நான் போடறேன்."

டெய்லரக்கா தரவில்லை. குனிந்து, துணியில் கோடு போடுவதுபோல நிதானமாக, அந்த வரியில் தன் பெயரை எழுதினாள்.

"நீ என்னக் கூட்டிட்டுப் போறியா? நான்தான்டி உன்னக் கூட்டிட்டுப் போறேன். வா" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.