தண்ணீர் நிரம்பிய குழாயின் எடை

...இறங்கினால்தானே, இறங்கவே போவதில்லை, அண்ணாந்து பார்த்து அத்தானுக்குக் கழுத்து வலிக்கட்டும், சாரத்துப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாயிற்று, இனி ஃபால்ஸ் சீலிங் போட்டு இந்த ஆஸ்பத்திரி வார்டை மூட வேண்டுமென்றால் என்னையும் உள்ளே வைத்துத்தான் மூட வேண்டும். அக்காவின் கணவர், இந்தக் கம்பெனிக்கு முதலாளி, போன மாதம் கூப்பிட்டு, குழாய் போடுவதைச் சரிபார்க்கும் இந்த வேலையை எனக்குக் கொடுத்தவர், எல்லாம் சரி, என் தலையை உரசிக்கொண்டு ஓடும் இந்த இரும்புக் குழாய்க்கு அவர் அத்தானா என்ன? தீப்பிடித்தால் தண்ணீர் கொட்ட வேண்டிய ஸ்பிரிங்க்ளர் குழாய் இது, மேலே கான்கிரீட்டில் துளை போட்டு, போல்ட் இறக்கி, தனக்கென்று ஒரு கம்பியில் தொங்க வேண்டியது. இங்கே பக்கத்தில் ஏசி காற்றைக் கொண்டுபோகும் தகர டக்ட்டைத் தாங்குகிற கம்பியிலேயே ஒரு வளையத்தை மாட்டி இதையும் தொங்கவிட்டிருக்கிறார்கள், பஸ்ஸில் பிடி கிடைக்காதவன் பக்கத்தில் நிற்பவன் தோளைப் பிடித்துக்கொள்வது மாதிரி... நெருப்பில் அந்தத் தகர டக்ட் முதலில் சரியும், சரியும்போது இதையும் இழுத்துக்கொண்டு வரும், பிறகு தண்ணீர் எங்கிருந்து வரும்?

"இறங்கும்மா. சீலிங் ஆளுங்க காலையிலேர்ந்து சும்மா நிக்கிறாங்க."

"நிக்கட்டும் அத்தான்."

"தண்ணி ஏத்திப் பாத்தோமே, ஒரு சொட்டு ஒழுகலையே."

ஒழுகவில்லைதான். இன்றைக்கு ஒழுகவில்லை. சுவர் மெலிந்த குழாயை வாங்கினாரே, அதற்குக்கூட நான் வாய் திறக்கவில்லை, மெல்லிய குழாய் ஒன்றும் குற்றம் இல்லை, நுனியை அமுக்கிப் பள்ளம் உருட்டி கப்ளிங் வளையம் மாட்டி இணைத்தால் அது பாட்டுக்கு நிற்கும். ஆனால் இந்தக் கிளைக் குழாய்களில் திருகி மாட்ட மரை வெட்டியிருக்கிறார்கள், இருக்கிற கொஞ்சம் சுவரில் பாதியை மரையே தின்றுவிட்டது, மிச்சம் இருப்பது தகரம், துருவுக்கு எத்தனை வருஷ வேலை அது? கேட்டால் இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது என்பார், புத்தகத்தில் இருப்பதுதான் அத்தான், அதற்காக நான் ஏன் வெட்கப்பட வேண்டும்... கீழே யார் படுக்கப் போகிறார்கள் என்று ஒரு தரம் நினைத்துப் பார்த்திருப்பாரா, எலும்பு முறிந்தவர்களின் வார்டு, காலைக் கட்டி எடை தொங்கவிட்டு அசையாமல் கிடப்பவர்கள், மணி அடித்ததும் எழுந்து ஓட அவர்களுக்குக் காலா இருக்கிறது? ஒரு காலைத் தொங்கவிடவே டாக்டர் எடை பார்த்துக் கொக்கி மாட்டுவார். நாம்?

போன். அக்கா. அதற்குள் செய்தி போய்விட்டது. "ஏன்டி, குடும்பத்துக்குள்ள இப்படியா ஒத்தைக் கால்ல நிப்பே? ஆளுங்க முன்னாடி அவருக்கு எவ்ளோ அசிங்கம்." ஒற்றைக் காலில் நிற்கிறேனாம், உட்கார்ந்துகொண்டுதானே இருக்கிறேன் என்றேன், அவள் சிரிக்கவில்லை. சின்ன வயதில் எனக்காக எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றவள், இப்போது அவர் முகம் வாடினால் இவளுக்குச் சோறு இறங்குவதில்லை, இறங்கு இறங்கு என்று எல்லோரும் ஏன் இதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்... அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். வேலை போகட்டும், வேறு வேலை இல்லையா உலகத்தில்?

எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. தண்ணீர் நிரம்பிய குழாயின் எடை, அதில் ஐந்து மடங்கு, அதற்கு மேல் ஒரு வாட்டசாட்டமான ஆளின் எடை, இவ்வளவையும் ஒவ்வொரு தாங்கியும் தாங்க வேண்டும். முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது, யார் அந்த ஆள், அவனுக்கு அங்கே என்ன வேலை? யாரோ ஒருவன். பல்பு மாற்ற ஏறி, கால் இடறி, கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பவன். முகம் தெரியாத அவனுக்காகவும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அத்தானுக்குத் தெரிந்த முகங்களுக்காகக்கூட யோசிக்க முடியவில்லை.

முழங்காலிட்டு எழுந்து குழாயின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். முழுப் பலத்தில்கூட இல்லை. வளையம் வாயைப் பிளந்தது, குழாய் துணிக்கொடி மாதிரி தொய்ந்தது, டக்ட் டமாரென்று அதிர்ந்து தூசியெல்லாம் அத்தானின் சட்டையில். சீலிங் ஆட்கள் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார், தூசி போன பிறகும்.

"சரி. அவுத்துடச் சொல்றேன். எல்லாம் கான்கிரீட்லயே அடிக்கட்டும். மரை போட்ட பைப்பையும் மாத்திடலாம். போதுமா? இந்த மாடிக்கு நீ சொல்றதுதான். மொதல்ல இறங்கு."

இறங்கினேன். கால் மரத்துப்போயிருந்தது, நெஞ்சு மட்டும் நிமிர்ந்திருந்தது, ஜெயித்துவிட்டேன், அதுவும் இவ்வளவு சீக்கிரம், கத்துவார் என்று நினைத்தேன், சீட்டைக் கிழிப்பார் என்று நினைத்தேன்... முகம் கழுவப் படியில் இறங்கும்போதுதான் அது முள்ளாய்க் குத்தியது. இந்த மாடிக்கு. இந்த மாடிக்கு என்றால்? கீழ்த்தள வார்டின் கதவைத் தள்ளினேன். நான் சேருவதற்கு முன்பே முடித்த தளம், அதே ஆட்கள், குழாயும் அதே லாரியில் வந்ததாகத்தான் இருக்கும். கட்டில்கள்கூட வந்துவிட்டன, வரிசையாக, பாலிதீன் உறை பிரிக்காமல். மேலே சீலிங் வெள்ளை வெளேரென்று, தட்டையாக, ஒரு கீறல் இல்லாமல் மூடிக் கிடந்தது. அவர் எனக்குப் பணிந்துபோனாரா, இல்லை, நான் அங்கே உட்கார்ந்து இந்தத் தளத்தைப் பற்றி யோசித்துவிடக் கூடாது என்றுதான் இறக்கிவிட்டாரா? ஒரு கட்டிலை இழுத்து அதன் மேல் ஏறி நின்றேன். பாலிதீன் சரசரத்தது. கை எட்டவில்லை.