முதல் தேர்வு

கொலராடோவில் எல்க் மான் வேட்டைச் சீட்டுக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். சீட்டு விழாத ஆண்டுக்கு ஒரு புள்ளி வீதம் எனக்குப் பதினேழு புள்ளிகள் சேர்ந்திருந்தன; புள்ளி கூடக்கூடச் சீட்டு விழும் வாய்ப்பும் கூடும். முதல் தேர்வாகக் குறித்த பகுதி கிடைத்துவிட்டால் அத்தனையும் போய்விடும்.

என் தந்தை வேட்டையாடிய செங்குத்து மலையைத்தான் குறிப்பேன் என்றேன். மகள் லோர்னா சாலையை ஒட்டிய சமவெளியைக் குறிக்கச் சொன்னாள்.

"நம்ம ஹால்வர்சன் வீட்டு ஆளுங்க ரோட்டோரம் நின்னு சுடமாட்டாங்கம்மா."

"உங்க முட்டி மாடிப்படிக்கே அழுவுதுப்பா. மான்தான் உங்களத் தூக்கிட்டு இறங்கணும்."

"ஏறிடுவேன்."

"வீம்புக்கு ஏறிடுவீங்க. குதிரையையும் வித்தாச்சு. இருநூறு பவுண்டு கறிய யாரு இறக்குறது? அங்கயே அழுக விடுவீங்களா?"

எங்கள் குடும்பத்தில் கறியை மலையில் விட்டுவந்தவர் என் சித்தப்பா ஒருவர்தான். அதன்பின் அவரை என் தந்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்காரவிட்டதே இல்லை.

சமவெளியைக் குறித்தேன்.

"தீவனக் கடையில யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத" என்றேன்.

முடிவு வரும்வரை, சீட்டு விழக்கூடாது என்றே தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன்.